படம் போடுறது ஒரு படிப்பா, சாமி?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிகளில் விண்ணப்பம் வாங்கும் காலம் வந்துவிட்டால் பங்கு இல்லத்துக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். சான்றொப்பம் கேட்டு வருவார்கள், சிபாரிசுக் கடிதம் கேட்டு வருவார்கள். சிலர், "பிள்ளைக்கு எந்தப் படிப்பு நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று வருவார்கள். அப்படித்தான் ஒரு மாலையில், வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை செய்யும் தகப்பன் ஒருவர், தம் மகளை அழைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பங்குத்தந்தையும் பங்குப் பேரவையினர் சிலருமாக நாங்கள் திருவிழாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

அந்த மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஓவியம் படித்து முடித்தவள். இப்போது முதுகலைக்குப் போக வேண்டும் என்கிறாள். அது இன்னும் இரண்டு ஆண்டுகள். தகப்பன் கேட்டார்: "நாலு வருசம் படிச்சது போதாதா சாமி? பெரியவ கல்யாணத்துக்கு வாங்குன கடனே இன்னும் தீரல. பி.எட். மாதிரி ஏதாவது படின்னா கேக்க மாட்டேங்குறா. படம் போடுறது ஒரு படிப்பா, சாமி?"

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. அந்தப் பெண் பேசாமல் பையிலிருந்து தன் வரைபட ஏட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நடுப்பக்கத்தில் ஒரு பெண்ணின் உருவம். தலையில் முக்காடாகச் சுற்றிய துணி, வெயிலில் கறுத்த முகம், உப்பு அரித்து வெடித்த கைகள், மடியில் ஒரு குழந்தை. கீழே 'அன்னை மரியா' என்று எழுதியிருந்தாள்.

நாங்கள் சொன்னோம்: "நல்லாத்தான் வரைஞ்சிருக்கேம்மா. ஆனா இது மாதா மாதிரி இல்லையே. நம்ம ஊரு அம்மா மாதிரியில்ல இருக்கு!"

அவள் பதில் பேசவில்லை. ஏட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று அவர்களை அனுப்பிவிட்டோம். அன்பானவர்களே, அன்று இரவு அந்த மூடிய ஏடு எங்களைத் தூங்க விடவில்லை. அப்போது எடுத்து வாசித்த இறைவார்த்தையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

விடுதலைப் பயண நூல், 31ஆம் அதிகாரம். சீனாய் மலையில் ஆண்டவர் மோசேயோடு பேசுகிறார். சந்திப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பேழையும் எப்படி அமைய வேண்டும் என்று அளவு அளவாகச் சொல்லி முடித்தபின், ஒரு மனிதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். யூதா குலத்து ஊரியின் மகன் பெட்சலேல். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எதிலும் வேலை செய்ய வல்லவன். அவனை இறை ஆவியால் நிரப்பியிருப்பதாக ஆண்டவரே சொல்கிறார். கவனியுங்கள்: பெட்சலேல் இறைவாக்கினன் இல்லை, குருவும் இல்லை. அவன் ஒரு கைவினைக் கலைஞன். அவனுக்குக் கிடைத்த ஞானமும் அறிவும் திறமையும் தூய ஆவியின் கொடை என்கிறது திருவிவிலியம்.

உடனே அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 32ஆம் அதிகாரம். அங்கேயும் ஒரு சிற்பம் இருக்கிறது, பொற்கன்றுக்குட்டி. மக்கள் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுக்க, ஆரோன் அதைச் செய்தார். அவர் தம் கையாலேயே அதை உருவாக்கினார் என்று அதிகாரத்தின் தொடக்கத்தில் வாசிக்கிறோம். ஆனால் மோசே வந்து கேட்டபோது ஆரோன் சொன்ன பதில் என்ன? பொன்னைத் தீயில் போட்டேன், இந்தக் கன்று வெளியே வந்துவிட்டது என்கிறார்! தானாக வந்ததாம். தாம் செய்ததற்குத் தாம் பொறுப்பில்லையாம்.

பிறகு 35ஆம் அதிகாரத்தில், கூடார வேலைக்காக மக்கள் மறுபடியும் காணிக்கை கொண்டுவருகிறார்கள். அங்கேயும் காதணிகள் வருகின்றன. அதே மக்கள், அதே பாலைநிலம், அதே பொன். ஒரு கையில் அது சிலையாகி மக்களை வழி தவறச் செய்தது. இன்னொரு கையில் அது கடவுளின் திருமுன்னிலைக்கு உறைவிடம் ஆயிற்று. ஆரோன் மக்களின் கூச்சலுக்குப் பயந்து, அவர்கள் கேட்டதை அவசரமாகச் செய்து கொடுத்தார். பெட்சலேல் பொறுமையாக, அளவு தவறாமல், தான் செய்வதற்குத் தானே பொறுப்பேற்றுச் செய்தான்.

நாம் பொதுவாக என்ன சொல்கிறோம்? "அவனுக்குப் படம் வரையறது பிறவியிலேயே வந்துடுச்சு, கடவுள் கொடுத்த வரம், அதுக்கு எதுக்குப் படிப்பு?" என்கிறோம். கேட்க பக்தியான பேச்சு போலத்தான் இருக்கிறது. ஆனால் வரம் கிடைத்தவர்கள்தான் உழைக்கக் கடமைப்பட்டவர்கள். தாலந்து உவமையில் ஆண்டவர் கடிந்துகொண்டது, தாலந்தைப் புதைத்து வைத்தவனை.

வேதாரண்யத்து மக்களாகிய நமக்கு இதை உப்பளமே சொல்லிக் கொடுக்கும். கடல் நீரில் உப்பு இருக்கிறது, அது கடவுள் கொடுத்தது. அதற்காகக் கடல் நீரைத் தரையில் ஊற்றிவிட்டால் உப்பு கிடைத்துவிடுமா? மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வாரி, வரப்புக் கட்டி, பாத்தியை நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். நீரை ஒரு தேக்கத்தில் விட்டு, வெயிலில் சுண்ட வைத்து, அடுத்ததற்கு மாற்றி, பதம் பார்த்துத்தான் கடைசிப் பாத்திக்கு விட வேண்டும். பதம் தவறினால் உப்பு கசக்கும். தரை இறுகாவிட்டால் சேறு கலந்த உப்புதான் வரும். அந்தத் தகப்பன் காலமெல்லாம் செய்கிற வேலை இதுதான். அவர் மகள் கேட்கிற இரண்டு ஆண்டுகளும் பாத்தி மிதிக்கிற காலம்தான். இதை நாங்கள் அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறிவிட்டோம்.

இனி, "மாதா மாதிரி இல்லையே" என்று நாங்கள் சொன்ன சொல்லுக்கு வருவோம். இதே சொல்லைக் கேட்டு மனம் நொந்த ஓர் ஓவியரின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது.

அவர் பெயர் ஆஞ்சலோ த பொன்சேகா. 1902இல் கோவாவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கத் தொடங்கியவர், அதை விட்டுவிட்டு மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளிக்குப் போனார். அங்கே கற்பித்த மேலைநாட்டு முறை அவருக்கு நிறைவு தரவில்லை. நம் மண்ணின் கலையைக் கற்க வேண்டும் என்று வங்காளத்துக்குப் போய், அபனீந்திரநாத் தாகூரிடமும் சாந்திநிகேதனில் நந்தலால் போசிடமும் மாணவராக அமர்ந்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களிடம் கற்ற கோட்டையும் வண்ணத்தையும் கொண்டுதான் அவர் கிறிஸ்துவை வரைந்தார். அன்னை மரியாவைப் புடவை கட்டிய இந்தியப் பெண்ணாக வரைந்தார்.

ஊர் திரும்பியபோது கோவாவில் அவருக்கு வரவேற்பு கிடைக்கவில்லை. மாதாவுக்குப் புடவையா என்று கேட்டார்கள். எதிர்ப்புத் தாங்காமல் சொந்த ஊரை விட்டுப் புனே நகரத்துக்குப் போய், அங்கே கிறிஸ்த பிரேம சேவா சங்கத்தின் ஆசிரமத்தில் தங்கி வரைந்துகொண்டே இருந்தார். 1967இல் இறந்தார். அவர் மனைவி அந்த ஓவியங்களைப் பல்லாண்டு காலம் பாதுகாத்து வைத்திருந்தார். எந்தக் கோவா அவரை ஏற்கவில்லையோ, அதே கோவாவில், சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் இன்று அவருடைய ஓவியங்கள் இருக்கின்றன. மக்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

புடவை கட்டிய மாதா நம் தமிழ் மண்ணுக்குப் புதியவரா? 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அந்த அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைத்தவர் அவர் என்பது நம் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தேம்பாவணி பாடிய முனிவருக்குத் தோன்றியது, இத்தனை காலம் கழித்து எங்களுக்குத் தோன்றாமல் போயிற்றே!

இதில் திருச்சபையின் போதனை தெளிவாகவே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில், கலைக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. மனித அறிவின் மிக உயர்ந்த முயற்சிகளில் ஒன்றாகக் கலையை அது மதிக்கிறது. எந்த ஒரு நாட்டின் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று ஆக்கிக்கொண்டதில்லை என்றும் சொல்கிறது. 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கலைஞர்களுக்கென்றே ஒரு மடல் எழுதினார். திருச்சபைக்குக் கலை தேவை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். வார்த்தை மனிதர் ஆனார் என்று நாம் நம்புகிறோம். மனிதரானவருக்கு ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தை ஒவ்வொரு மக்களும் தங்கள் கண்ணால் தேடிப் பார்க்க உரிமை பெற்றவர்கள்.

சரி, கிறிஸ்தவப் பிள்ளை ஒன்று இந்தப் படிப்புக்குப் போனால் எப்படிப் படிக்க வேண்டும்? பெற்றோர் எங்களிடம் கேட்கும் சில கேள்விகளை வைத்தே சொல்கிறோம்.

"வேற மதத்து ஆசிரியர்கள், வேற மதத்துச் சிற்பங்கள், அங்க போனா பிள்ளை விசுவாசம் என்ன ஆகும்?" என்கிறார்கள். சாலமோன் ஆண்டவருக்குக் கோவில் கட்டியபோது, வெண்கல வேலைக்குத் தீர் நகரத்திலிருந்து ஈராம் என்ற கைவினைஞனை வரவழைத்தார். அவன் தாய் இஸ்ரயேல் குலத்தவள், தகப்பன் தீர் நாட்டு வெண்கலக் கொல்லன். தகப்பன் வழி வந்த தொழில்தான் ஆண்டவரின் இல்லத்தை அழகு செய்தது. யோர்தான் சமவெளியின் களிமண் நிலத்தில் அவற்றை வார்த்தார்கள் என்று அரசர்கள் முதல் நூல் சொல்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலே சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். நம் பிள்ளை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பொறுமையைக் கற்றால் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வராது. வேரூன்றிய பிள்ளை எங்கும் கற்கலாம். அந்த வேரை ஊன்றுவது கல்லூரியின் வேலை இல்லை. வீட்டுச் செபமும் மறைக்கல்வியும் செய்ய வேண்டிய வேலை அது.

"மனுச உடம்பையெல்லாம் வரையச் சொல்றாங்களாமே?" என்று சிலர் தயக்கத்தோடு கேட்கிறார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் எலும்பும் தசையும் எப்படி இயங்குகின்றன என்று தெரியாதவர், சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாரத்தை எப்படி வரைவார்? உடலைப் படைத்தவர் கடவுள். அதை மதிப்போடு பார்க்கக் கற்பதும் ஒரு கற்பு நெறிதான். இச்சையோடு பார்ப்பதற்கும் உண்மையைக் காணப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த மாணவருக்கு இந்தப் பயிற்சி தீங்கு செய்யாது.

"சாமி படமே வரைஞ்சுட்டு இருக்கலாமே, மற்றதெல்லாம் எதுக்கு?" என்றும் கேட்கிறார்கள். ஆண்டவர் உவமை சொன்னபோது விதைக்கிறவரையும் வலை வீசுகிறவரையும் மாவு பிசைகிற பெண்ணையும்தான் காட்டினார். உப்பளத்துப் பெண்ணின் வெடித்த பாதத்தை உண்மையாக வரைந்தால் அதுவும் ஒரு கிறிஸ்தவ ஓவியமே. 1930இல் இதே வேதாரண்யத்தில் இராஜாஜி அள்ளிய ஒரு பிடி உப்பு ஒரு பேரரசையே உலுக்கியது. கண்ணால் காணும் ஓர் அடையாளத்துக்கு எவ்வளவு வலிமை உண்டென்று நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, வயிற்றுக் கேள்வி. "படிச்சு முடிச்சா சோறு கிடைக்குமா?" இதை மழுப்பக் கூடாது. எளிதான வழி இல்லைதான். முதுகலை முடித்தால், காண்கலைக்கான தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம். வடிவமைப்புத் துறையிலும் பள்ளிகளிலும் வேலைகள் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. பெங்களூரில் பிறந்த அல்போன்சோ அருள்தாஸ் அங்கே படித்து, ஆசிரியராகி, பின்பு அதன் முதல்வராகவும் பணியாற்றினார். கிறிஸ்துவின் உருவத்தையும் வரைந்தார். பெட்சலேலுக்கு ஆண்டவர் கொடுத்த கொடைகளில் ஒன்றை நாம் வாசித்துக் கடந்துவிடுகிறோம். பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலையும் அவனுக்கும் அவன் துணைவன் ஒகோலியாபுக்கும் தந்தார் என்று 35ஆம் அதிகாரம் சொல்கிறது. மேற்படிப்பின் பயனே அதுதான். ஒரு பிள்ளை முதுகலை படித்தால், நாளை நாற்பது பிள்ளைகளுக்கு அது போய்ச் சேரும்.

ஆனால் இந்தக் கேள்வியைப் பெற்றோரிடம் மட்டும் விட்டுவிடலாமா? பங்குகளாகிய நாம் பதில் சொல்ல வேண்டாமா?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு உங்களுக்கு நினைவிருக்கும். தென்னைகள் வேரோடு சாய்ந்தன, உப்பளங்கள் சேறாயின. எங்கள் கெபியிலிருந்த பழைய சுரூபமும் விழுந்து உடைந்தது. சில வாரங்களில் அச்சில் வார்த்த ஒரு சுரூபத்தைக் கடையில் வாங்கி வைத்துவிட்டோம். நம் பங்கிலேயே களிமண்ணில் கை வைத்துப் பழகுகிற ஒரு பிள்ளை இருக்கிறாள் என்ற நினைவே எங்களுக்கு வரவில்லை. ஆண்டுதோறும் திருவிழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனருக்குச் செலவழிக்கிறோம். அதே பிள்ளையிடம் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் படம் வரையச் சொல்லும்போது மட்டும், "ஆண்டவருக்காகச் செய்யம்மா" என்று சொல்லிக் கூலி கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவரே என்பதை இந்த மேடையிலிருந்தே எத்தனை முறை பிரசங்கம் செய்திருக்கிறோம்!

சந்திப்புக் கூடாரம் கட்டியபோது மக்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்து குவித்தார்கள். வேலைக்குத் தேவையானதைவிட மிகுதியாகிவிட்டது, இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே தடுக்க வேண்டியதாயிற்று. ஆவியின் கொடை பெட்சலேலுக்குக் கடவுளிடமிருந்து வந்தது. பொன்னும் நூலும் மரமும் மக்களிடமிருந்து வந்தன. மக்கள் கொடுக்காவிட்டால் அந்தக் கொடை சும்மா கிடந்திருக்கும்.

அடுத்த வாரம் நாங்களே அந்தத் தகப்பனின் வீட்டுக்குப் போனோம். முதலில் அந்த மகளிடம் மன்னிப்புக் கேட்டோம். ஏட்டை மறுபடியும் காட்டச் சொன்னோம். தயங்கித்தான் எடுத்துவந்தாள். இந்த முறை தகப்பனும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது அவங்கம்மா கையில்ல!" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அடுப்படியில் நின்ற அந்தத் தாய், முந்தானையால் தம் கைகளை மூடிக்கொண்டார்.

ஆலயத்தில் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் புதிதாக வரையும் பொறுப்பை அந்த மகளிடம் ஒப்படைக்கப் பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. அவசரம் இல்லை, படிக்கும் காலத்திலேயே ஒவ்வொன்றாகச் செய்யட்டும். ஒவ்வொரு நிலைக்கும் நியாயமான கூலி உண்டு. இந்த ஆண்டு பேனர் செலவை அதற்கு ஒதுக்கியிருக்கிறோம். அது கல்விச் செலவு முழுவதையும் தாங்காது என்பது எங்களுக்குத் தெரியும். தகப்பன் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "பாப்போம் சாமி, உப்பு விலை எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றுதான் சொன்னார். ஆனால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பெற்றோரே, உங்கள் வீட்டில் சுவரெல்லாம் கிறுக்குகிற பிள்ளை இருந்தால், அடிக்கும் முன் ஒரு தடவை என்ன வரைந்திருக்கிறது என்று பாருங்கள். பங்கு மக்களே, அடுத்த சுரூபத்துக்குக் கடைக்குப் போகும் முன், நம் பங்கில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கலை பயிலும் மாணவ மாணவியரே, தீயில் போட்டேன், தானாக வந்தது என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். நேரம் எடுத்துப் படியுங்கள். நீங்கள் செய்வதற்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

செபிப்போம். எல்லா அழகுக்கும் ஊற்றான இறைவா, பெட்சலேலை உம் ஆவியால் நிரப்பிய நீர், எங்கள் பிள்ளைகளின் கண்களையும் கைகளையும் ஆசீர்வதியும். அவர்கள் கற்கும் காலத்தில் பொறுமையையும், வறுமை வரும் நாளில் துணிவையும் தாரும். வெயிலில் வெடித்த கைகளிலும் உம் அன்னையின் கைகளைக் காண எங்கள் எல்லாருக்கும் கண்களைத் திறந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.